ஒன்பது மணித்தியால நித்திரை

மருமகளே,

போன செவ்வாய்க்கிழமை மோர்னிங்சைட்டில் ஒரு மருந்துக்கடையில், முழுக் கனடாவும் பார்த்துக்கொண்டிருக்க, நான் நிலத்தில் குந்திவிட்டேன். முழுக் கனடா என்றது வழக்கம்போலக் கொஞ்சம் கூட. பார்த்தது இரண்டு பேர். இருமல் மருந்துக்கு வந்த ஒரு சீனக் கிழவரும், கடையில் வேலை செய்கிற நம்மவர் பிள்ளை ஒருத்தியும்.

கோடை முகாமுக்குப் போன என் பேரன் உடம்பெல்லாம் நுளம்புக்கடியோடு திரும்பியிருந்தான். வடக்கத்தி நுளம்பு ஒவ்வொன்றும் புறாவளவு இருக்கும் என்று நான் முன்கூட்டியே எச்சரித்திருந்தேன், அவன் கேட்கவில்லை. அவனுக்குப் பூச ஏதாவது வாங்கப் போனவன், தட்டிலிருந்த ரோசா நிறப் போத்தலை எடுத்து, காசு கொடுக்காத பொருளைத் திறக்கக் கூடாது என்ற நாகரிகத்தையும் மறந்து, மூடியைத் திருகி மணந்து பார்த்தேன். போத்தலைக் கையில் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளை ஓடி வந்தாள். "அங்கிள், ஓகேயா? தண்ணி கொண்டுவரட்டா?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. தெரிஞ்ச ஆள் ஒராள் வந்தவ. அதான் இருந்து கதைக்கிறன்."

அவள் இடமும் பார்த்தாள், வலமும் பார்த்தாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். நல்ல பிள்ளை.

வந்தது நீதான். பன்னிரண்டு வயது, இரட்டைப் பின்னல், முதுகிலும் காலிலும் அந்த ரோசா நிறக் கலமைன் மருந்து காய்ந்து திட்டுத் திட்டாக. சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்த உடம்பில், வெளியே போக வேண்டிய கழிவெல்லாம் தோலுக்குக் கீழே தங்கி அரிக்கும் என்று டொக்டர் விளக்கியிருந்தார். உன் அம்மா, என் அக்கா, பஞ்சில் தொட்டுத் தொட்டுப் பூசுவா. "மாமா, என்னை நக்கிப் பாருங்கோ, ஸ்ட்ரோபெரி ஐஸ்கிரீம்" என்று நீ முதுகைக் காட்டுவாய். அரிப்புத் தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற பகிடி அது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாமல் இருப்பதில் அந்த நாட்களில் நான் சக்கரவர்த்தி.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் பதினோராம் தட்டு. ஒரே ஒரு படுக்கையறை, அதில் ஒரு கட்டில். அம்மாவும் நீயும் அதில். மண்டபத்து சோபாவில் நான், கல்யாணமாகாத இருபத்தெட்டு வயது மாமன். உன் அப்பா வடக்கே ஒரு சுரங்க ஊரில் எஞ்சினியர்; மாதத்தில் ஒரு தடவை வந்து, உன் தலையைத் தடவிவிட்டுப் போவார். அக்காவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் விடியற்காலை வேலை, நாலரைக்கு எழும்ப வேண்டும். எனக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் மாலை வேலை. ஆகவே திங்கள், புதன், வெள்ளி காலைகளில் உன்னை நகர நடுவிலிருந்த பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற மகத்தான பொறுப்பு, பிஸ்கட் சாம்ராச்சியத்தின் தளபதியாகிய என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்த இயந்திரத்தை முதன்முதல் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? சலவை இயந்திரத்துக்கும் பழைய வானொலிப் பெட்டிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி, ஒரு தொட்டியும் குமிழ்களும் விளக்குகளுமாய். உன் இடது முன்கையில் துணி சுற்றி வைத்திருந்த இரண்டு குழாய்களை நேர்ஸ் அதோடு பொருத்தியதும், உன் இரத்தம் சிவப்புக் கயிறாகப் போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. நீ என் சட்டையைப் பிடித்தாய். நான் அந்த ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அறிவித்தேன்: "பயப்பிடாதே. இவர் ஐராவதம். எங்கட பூட்டனாரிட்ட நாப்பது யானை நிண்டது, அதில ஒண்டு இவர்தான். தும்பிக்கையால இரத்தத்தை உறிஞ்சிக் கழுவித் திருப்பித் தருவார்."

"புளுகாதேங்கோ மாமா."

"நாப்பது இல்லை. முப்பத்தொன்பது. ஒண்டு கிணத்துக்க விழுந்திட்டுது."

நீ சிரித்தாய். தலைமை நேர்ஸ் அயர்லாந்துக்காரி, கதவை அடைக்கிற உடம்பு. அவளுக்கும் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு "யுவர் ஹைனஸ்". நான் உள்ளே நுழைந்தால் ஒரு காலை மடக்கி வணக்கம் வைப்பாள்.

ஆறு மணித்தியாலம் நீ அந்தக் கட்டிலில் கிடக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் உன் கண் சொருகும். நேர்ஸ் எனக்கு உத்தரவு போட்டிருந்தாள்: பகலில் இந்த இயந்திரத்தில் கிடந்து உறங்குகிற பிள்ளைகளுக்கு இரவில் உறக்கம் வராது, விடாதே. உலகத்தில் கதை சொல்லிப் பிள்ளையை நித்திரையாக்குவார்கள். எனக்குக் கிடைத்த உத்தியோகம் எதிர்மாறு. நானும் பூட்டனாரை யானையில் ஏற்றி நயாகரா அருவிக்கு மேலால் பாயவிட்டேன். நீ கண்ணைத் திறந்து வைத்திருந்தாய். அது என் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

பிறகு அந்த நீலக் கொப்பி வந்தது.

நேர்ஸ்தான் தந்தாள், உன் நித்திரையை நாங்கள் நாளுக்கு நாள் எழுதி வைக்க. எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழும்பினாள், இரவில் எத்தனை தரம் விழித்தாள், மொத்தம் எத்தனை மணித்தியாலம். வாட்டில் இருந்த ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கொப்பி. "சாப்பாடு, தண்ணீர், எடை எல்லாம் கேட்கிறோம். இரவு எப்படிப் போகிறது என்று கேட்பதேயில்லை" என்றாள். வெள்ளிக்கிழமைகளில் வாசித்துவிட்டு ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்புப் பேனையால் ஒரு சரி போடுவாள். வாசித்தேன் என்பதற்கு அடையாளம், வேறொன்றுமில்லை.

அந்தச் சிவப்புச் சரிதான் எங்கள் தலையில் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் சிவப்புப் பேனைச் சரிக்கு ஒரே ஒரு அர்த்தம்: புள்ளி. முதல் திங்கட்கிழமை பஸ்ஸில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உன்னைக் கேட்டேன்.

"ராத்திரி எத்தினை மணித்தியாலம் நித்திரை கொண்டனி?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "எத்தினை எண்டால் நல்லது மாமா?"

"ஒன்பது எண்டால் அந்த மாதிரி."

"அப்ப ஒன்பது."

எழுதினேன். பகிடி என்றே எழுதினேன். அன்றைக்கு அக்கா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டா: "மற்றப் பிள்ளையளுக்கு எத்தினையாம்?"

"பக்கத்துக் கட்டில் பெடியனுக்கு ஆறு. செம்பட்டைத் தலைப் பிள்ளைக்கு ஐஞ்சரை."

"எங்கட பிள்ளைக்கு?"

"ஒன்பது."

"வாட்டில முதலாம் பிள்ளையோ!" என்று அக்கா உன்னைக் கட்டிப்பிடித்தா.

அவவைக் குறை சொல்ல முடியாது. ஊரிலும் இங்கேயும் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை நீ. நோய் வந்த பிறகு வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் இல்லை. வந்த றிப்போட்டில் பாதிக் கட்டங்கள் வெறுமையாய் இருந்தன. உன்னைப் பற்றி உலகம் எழுதித் தருகிற ஒரே றிப்போட் அந்த நீலக் கொப்பிதான். சனி ஞாயிறுகளில் அதை அவ சாமிப் படத்தட்டில், உன் பழைய றிப்போட்டுகளுக்கு மேல் வைத்தா. ஒரு ஞாயிறு மிசிசாகாவிலிருந்து ஒரு சென்னை எஞ்சினியரும் மனைவியும் உன்னைப் பார்க்க வந்தபோது, தேத்தண்ணிக்கு முதலே கொப்பி வெளியே வந்தது.

"ஒன்பது மணி நேரமா!" என்று அந்த அம்மா வியந்தார். "எங்க வீட்ல யாருமே இப்படித் தூங்கறதில்லையே. குடுத்து வச்ச குழந்தைங்க."

நீ சிரித்துக்கொண்டு இருந்தாய். உன் வலது கை சட்டைக்குக் கீழே தொடையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், மருமகளே. பார்த்துவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்தேன்.

உன்னைப் பிடித்துக் கொடுத்தது உன் சொக்ஸ். குளிர் தொடங்க உனக்கு நாலு சோடி கம்பளிச் சொக்ஸ் வாங்கி வந்தேன். மூன்று கிழமையில் நாலு சோடியும் குதிகாலில் ஓட்டை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் போகிற, ஓடக் கூடாது, பாயக் கூடாது என்று டொக்டர் சொன்ன பிள்ளையின் சொக்ஸ் இப்படித் தேயுமா? ஒரு புதன்கிழமை பஸ்ஸில் விசாரணையை ஆரம்பித்தேன்.

"சேனாதிபதி அவர்களே, ஒவ்வொரு ராவும் எந்த நாட்டுக்குப் படையெடுத்துப் போறியள்? மாமனுக்கும் சொல்லிட்டுப் போகக் கூடாதோ?"

நீ கண்ணாடியில் ஆவி ஊதி ஒரு கோடு போட்டாய். "சொன்னால் ஒருத்தருக்கும் சொல்லமாட்டியள்தானே?"

"தலையை வெட்டினாலும் சொல்லன். வெட்டின தலையும் சொல்லாது."

"பகிடி இல்லை மாமா. அம்மாவாணை சொல்லுங்கோ."

அம்மாவாணை என்றேன்.

"காலுக்குள்ள எறும்பு ஓடுது மாமா. மேலால இல்லை, உள்ளுக்க. படுத்த உடன தொடங்கும். காலை ஆட்டினால் கொஞ்சம் நிக்கும். ஆட்டினால் அம்மா எழும்பிடுவா. அதான் வெளியில போய் நடக்கிறன்."

"வெளியிலயோ?"

"லிஃப்ட் இருக்கிற நடையில. கம்பளம் போட்டிருக்குத்தானே, சத்தம் கேக்காது. இருபத்திரண்டு கதவு. போய் வந்தால் நாப்பத்திநாலு. பதின்மூண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நடப்பன். அம்மான்ர அலாரத்துக்குக் கொஞ்சம் முதல் வந்து படுத்திடுவன்."

"ஒவ்வொரு நாளுமோ? அப்ப எப்ப நித்திரை கொள்ளுறனி?"

நீ இரண்டு விரலைக் காட்டினாய். இரண்டு மணித்தியாலம். சில நாள் அதுவும் இல்லை.

வேலையால் வந்து சோபாவில் மரம் மாதிரி விழுகிறவன் நான். நீ கதவுக்குப் போக வேண்டுமென்றால் என் காலைக் கடந்துதான் போக வேண்டும். வீட்டுக் காவலாளியின் குறட்டைக்குள்ளால் நீ இரண்டு மாதமாகப் போய் வந்திருக்கிறாய்.

"நேர்சிட்டச் சொல்லுவம்" என்றேன்.

"அம்மாவாணை எண்டனியள்!" உன் கண் நிறைந்துவிட்டது. "நித்திரையும் நல்லா இருந்தால் மெஷினில ஒரு மணித்தியாலம் குறைச்சுப் பாக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர் மாமா. ஐஞ்சு எண்டால் பன்ரெண்டுக்கு முடிஞ்சிடும். பின்னேரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவன். பின்னேரம்தான் கணக்கு. கணக்கு எடுத்தால் அடுத்த வகுப்புக்கு ஏத்துவினம். இப்ப போய் ரெண்டு மணித்தியாலம் எண்டு எழுதினால்?"

அந்த நேரம் நான் செய்ய வேண்டியிருந்தது என்ன என்று எந்தப் பேயனுக்கும் தெரியும். ஆனால் நீ நோய் வந்த பிறகு ஏதாவது ஒன்றை வேண்டுமென்று கேட்டது அதுதான் முதல் தரம். தண்ணீர் கேட்கமாட்டாய், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து தந்ததை ஐஸ்கட்டியாக்கிச் சூப்பிக்கொண்டிருப்பாய். சிறுநீரகத்துக்கு ஆகாதென்று மறித்த வாழைப்பழமும் கேட்கமாட்டாய். ஒரு கணக்குப் பாடம் கேட்டாய். நான் பேனையை எடுத்து ஒன்பது என்று எழுதினேன். நம்பும்படி இருக்கட்டும் என்று அடுத்த நாளுக்கு எட்டே முக்கால். எழுதினது என் கை. அழகான கையெழுத்து.

இரண்டு கிழமை கழித்து டொக்டர் கொப்பியையும் இரத்தப் பரிசோதனைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மெல்லிய மனிதர், மெல்லப் பேசுவார். இரத்தம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறது, ஆனால் நல்லாக உறங்குகிறாள், அதுதான் எனக்குத் தைரியம் தருகிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னை நேரே பார்த்துக் கேட்டார்: "இரவில் கால்கள் தொந்தரவு செய்கின்றனவா? சில பிள்ளைகளுக்கு இருக்கும். சொல்லமாட்டார்கள்."

கேட்டார், மருமகளே. தட்டில் வைத்து நீட்டின மாதிரிக் கேட்டார். நீ ஐராவதத்தோடு கட்டுண்டு கிடந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இவளோ? யானை மிதித்தாலும் எழும்பமாட்டாள், டொக்டர்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நேர்ஸ், "அவரிடம் முப்பத்தொன்பது இருக்கிறது, டொக்டர்" என்றாள். ஒரு மணித்தியாலம் குறைந்தது.

என் வாழ்நாளில் நான் அளந்துவிட்ட கதைகளை அடுக்கினால் இந்த நகரத்தின் உயரமான கோபுரத்தைவிட ஓரடி கூட வரும். அத்தனையிலும் ஒருவரையும் நான் கெடுத்ததில்லை. அந்த ஒரு வசனத்தைத் தவிர.

முதல் கிழமை நீ இராசாத்தி. பன்னிரண்டு மணிக்கு இயந்திரம் முடியும், ஒன்றேகாலுக்குப் பள்ளிக்கூட வாசல். கணக்குப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடுவாய். ஓடக் கூடாது என்று கத்துவேன். இரண்டாம் கிழமை கண்ணிமை வீங்கத் தொடங்கியது. மூன்றாம் கிழமை கலமைன் போத்தல் நாலு நாளில் முடிந்தது. எறும்பு பகலிலும் வந்தது. பஸ்ஸில் இருக்கும்போதே உன் கால் தன்பாட்டில் உதைக்கும். அந்தக் கிழமைகளில் நானும் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தேன். கதவு மெல்லத் திறக்கும். நான் குறட்டை விடுவேன், உனக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொப்பியில் ஒன்பது, எட்டே முக்கால், ஒன்பது.

ஏழாம் கிழமை, வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ். சுரங்க ரயிலால் இறங்கி ஏறினதும் நீ யன்னல் பக்கம் இருந்தாய். எஞ்சின் அதிர்வு சீற்றுக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் தரிப்பில் உன் தலை என் தோளில் விழுந்தது. கால் நின்றுவிட்டது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளுக்கு எடுத்த மூச்சு வெளியே வர ஒரு கணம் பிந்தும். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தத்தோடு வரும். நீ நித்திரை கொண்டு நான் அதுவரை பார்த்ததேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொப்பி முழுக்க உன் நித்திரையை எழுதியவன் நான்.

பள்ளிக்கூடத் தரிப்பு வந்தது. மணிக் கயிறு என் தலைக்கு மேல். நான் கையைத் தூக்கவில்லை. பள்ளிக்கூடம் பின்னால் போனது.

கடைசித் தரிப்பில் சாரதி திரும்பிப் பார்த்தார். பெரிய மீசைக்காரர், இத்தாலிக்காரராக இருக்க வேண்டும். "முடிந்தது, சேர். இறங்க வேண்டும்."

வேறு நாளென்றால் இளவரசியின் பவனி, அரச வைத்தியரின் ஆணை என்று அவிழ்த்துவிட்டிருப்பேன். அன்று "பிள்ளை நித்திரை" என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் எழும்பி வந்து உன் முகத்தைப் பார்த்தார், கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு போய் வானொலியை நிறுத்திவிட்டு பஸ்ஸைத் திருப்பினார். போய், வந்து, திரும்பப் போனோம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும். ஒரு குழி வந்து பஸ் தூக்கிப் போட்டபோது விழித்தாய்.

"எங்க நிக்கிறம்? பள்ளிக்கூடம் எங்க மாமா?"

"விட்டிட்டுது."

"இண்டைக்குச் சோதினை! ஏன் எழுப்பேல்லை? ஏன் என்னை எழுப்பேல்லை?" உன் சின்னக் கை முட்டியால் என் நெஞ்சில் குத்தினாய். வலிக்கவில்லை, அதில் பலமே இருக்கவில்லை. அதுதான் வலித்தது.

திங்கட்கிழமை காலை வாட்டில் உன்னை இயந்திரத்தோடு பொருத்தி முடிந்ததும், கொப்பியைத் திறந்து, உனக்குக் காட்டாமல் எழுதினேன்: வியாழன் இரவு இரண்டு மணித்தியாலம். வெள்ளி பகல் பஸ்ஸில் ஒரு மணி ஐம்பது நிமிடம். வெள்ளி இரவு ஒன்றரை. சனி இரவு நித்திரை இல்லை. ஞாயிறு இரவு ஒன்று. கீழே இன்னொரு வரி: முன்பு எழுதினவை எல்லாம் பொய்.

நேர்ஸ் வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "யுவர் ஹைனஸ், இன்றைக்கு என்ன புதுக் கதை?"

இப்படித்தான் அது நடந்தது. வாழ்க்கையில் முதல் தரம் ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதினேன், அதை ஒருத்தியும் நம்பவில்லை. நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த எட்டுச் சொக்ஸையும் எடுத்து உன் கட்டில் ஓரத்தில் வரிசையாக வைத்தேன். எட்டிலும் குதிகால் இல்லை.

"இது அவள் இரவில் நடந்து தேய்ந்தது" என்றேன். "ஒவ்வொரு இரவும்."

அவள் ஒரு சொக்ஸை எடுத்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. டொக்டரைக் கூப்பிட ஓடினாள். அந்த உடம்பு ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். குழாய் பூட்டியிருந்ததால் அதற்கு மேல் திரும்ப உனக்கு வழியில்லை. "அம்மாவாணை எண்டனியள்" என்றாய். "புளுகு மாமா."

அன்று பின்னேரம் அக்காவுக்குச் சொன்னேன். கத்துவா என்று நினைத்தேன். அவ சமையலறைக் கதிரையில் இருந்து, கையிலிருந்த ஏப்ரனை மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்தா.

"எனக்குத் தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"அவள் எழும்பிப் போறது. பக்கத்தில கிடக்கிற பிள்ளை எழும்பினால் தாய்க்குத் தெரியாதோ? நான் எந்த நாள் நித்திரை கொண்டனான்? கண்ணை மூடிக்கொண்டு கிடப்பன். அவள் திரும்பி வந்து படுத்தாப் பிறகுதான் எனக்கு மூச்சு வாறது."

"பிறகேன் அக்கா கொப்பியை ஊருக்கெல்லாம் காட்டினனி?"

"அதில ஒன்பது எண்டு எழுதிக் கிடந்தது." அவ என்னைப் பார்க்கவில்லை. "எழுதினதைப் பாத்தால் கொஞ்ச நேரம் உண்மை மாதிரி இருந்தது. நீ ஏன் எழுதினனி?"

ஒரு கட்டிலில் இரண்டு பேர், சோபாவில் ஒருவன். மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்த வீடு அது. ஒருவரை ஒருவர் நித்திரையாக்கிவிட்டதாக ஆளுக்கு ஆள் நம்பிக்கொண்டு.

குறைத்த ஒரு மணித்தியாலம் திரும்பி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஏழு. காலுக்கென்று விழுங்க ஒரு சின்னக் குளிசை. படுக்க முன் சுடுதண்ணீரில் பிழிந்த துவாயால் சுற்றச் சொன்னார்கள். பின்னேரப் பள்ளிக்கூடம் போயிற்று, கணக்குப் போயிற்று, அந்த வருடமும் போயிற்று. எறும்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ தனியே நடக்கவில்லை. அக்காவும் எழும்பி, நைட்டிக்கு மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டு உன்னோடு வருவா. இருபத்திரண்டு கதவு. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் அவ பிழைவிட, நீ திருத்துவது எனக்கு உள்ளே கேட்கும்.

என்னோடு நீ பேசவில்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் போய் இருப்பாய். நான் உன் இரட்டைப் பின்னலுக்குக் கதை சொல்லிக்கொண்டு வருவேன், அது அசையாது. நீ பேச்சை நிறுத்தின ஐந்தாம் கிழமை, நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று முழித்துக்கொண்டிருக்க, நீ திரும்பாமலே சொன்னாய்:

"நேற்று ஐஞ்சே கால். எழுதுங்கோ மாமா. கூட்டாதேங்கோ."

எழுதினேன். நீ திரும்பி, சீற்றின் முதுகுக்கு மேலால் எட்டி, நான் எழுதினதைச் சரிபார்த்தாய். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் சரிபார்த்தாய். சிவப்புச் சரி யாருக்கும் தேவைப்படவில்லை.

இரண்டு குளிர்காலம் கழித்து, கைக் குழாயால் கிருமி போய் இரத்தத்தில் பரவி, ஒரு பகல் நேரத்தில் நீ போனாய். பதினான்கு வயது. அந்த ஏழு கிழமையும் உன்னை எவ்வளவு தின்றது என்று டொக்டரிடம் தனியே போய்க் கேட்டேன். "எனக்குத் தெரியாது. யாராலும் சொல்ல முடியாது" என்றார். ஒன்றுமில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்குப் பொய் வராது. அதற்காக அவரைக் கொஞ்சக் காலம் வெறுத்தேன், பிறகு இல்லை. அந்த ஏழு கிழமையை நான் பெரிதாக்கிப் பார்க்கவும் முயன்றிருக்கிறேன், சின்னதாக்கிப் பார்க்கவும் முயன்றிருக்கிறேன். இரண்டும் எனக்குக் கைவந்த வித்தை. அது மட்டும் அசையாமல் ஏழு கிழமையாகவே நிற்கிறது.

உன்னைப் பெட்டியில் வைத்திருந்த மண்டபத்துக்கு அந்த நாளில் இந்த நகரத்திலிருந்த நம்மவர் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் என்றால் நாற்பது பேர். ஒரு மனுசி உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நித்திரை கொள்ளுற மாதிரியெல்லோ கிடக்கிறா" என்று அழுதா. நல்ல மனுசி. எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது.

"அவள் நித்திரை கொள்ளுறது உப்பிடி இல்லை!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனுக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. வாய் கொஞ்சம் திறந்திருக்கும். மூச்சு வர ஒரு கணம் பிந்தும். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

மருந்துக்கடைப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்துவிட்டு எழும்பி, அந்தப் போத்தலுக்குக் காசு கொடுத்து, வீட்டுக்கு வந்து பேரனுக்குப் பூசினேன். "தாத்தா, ஐ லுக் லைக் அ டோனட்" என்றான். சிரித்தேன். காலையில் அவனைக் கேட்டேன், எப்படி நித்திரை என்று. "குட்" என்றான். நான் விடவில்லை. எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை தரம் எழும்பினாய், எங்கே அரித்தது, யாருக்குப் பயந்து சொல்லாமல் விட்டாய் என்று கேட்டுக் கேட்டு அவன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். மகள் வந்து என்னைத் திட்டினாள். அவளுக்கு உன்னைப் பற்றித் தெரியும்; ஆனாலும் திட்டினாள்.

யானைகள் இன்னும் இருக்கின்றன. போன வருடக் கணக்கில் எழுபத்திரண்டு. நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் தும்மல் காற்றில் உறைந்து நிலத்தில் விழுந்து உடைந்தது என்பதும் அப்படியே இருக்கிறது. ஆனால் எப்படி நித்திரை என்று என்னை யாராவது கேட்டால், குடும்ப டொக்டராக இருக்கட்டும், பஸ் தரிப்பில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளாக இருக்கட்டும், நான் கடிகாரத்தைப் பார்த்து வைத்துத்தான் பதில் சொல்வேன். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் சும்மா கேட்டது.

நேற்று இரவு, மருமகளே, பதினொன்று இருபதுக்குப் படுத்தேன். இரண்டு தரம் எழும்பினேன். நாலு மணித்தியாலமும் பத்து நிமிடமும்.

கூட்டவில்லை.